மிக்சியை எப்போது நிறுத்துவது?

உணவை உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்று நான்காகப் பகுத்துச் சொல்வது தமிழ் மரபு. நெடுநாள் நோயுற்றிருந்த குழந்தை உள்ள வீடுகளில் இந்த நான்கில் ஒன்று மட்டும் சத்தமின்றிக் காணாமற்போய்விடுவதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தின்பன என்னும் வகை அந்தக் குழந்தையின் தட்டுக்கு வருவதே இல்லை. சோறும் பருப்பும் காய்கறியும் மிக்சியில் ஒன்றாக அரைபட்டு, ஒரே நிறத்தில், ஒரே பதத்தில், நாள்தோறும் மூன்று வேளை கிண்ணத்தில் வந்து நிற்கின்றன. குழந்தைக்கு மூன்று வயது ஆகியிருக்கும். சில வேளைகளில் ஐந்து வயதும் ஆகியிருக்கும்.

இவ்வாறு அரைத்துக் கொடுப்பதில் பெற்றோரின் அன்பு முழுவதும் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், விழுங்குவதில் ஆபத்து இல்லை என்று உறுதியான பின்னும் அரைத்த உணவையே தொடர்வது குழந்தைக்குப் பாதுகாப்பு அளிப்பதாகாது என்பது என் உறுதியான கருத்து. மெல்லுதல் என்பது நடத்தலையும் பேசுதலையும் போலக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன். பழகுவதற்கு வாய்ப்பே அளிக்கப்படாத குழந்தைக்கு அது வயதின் காரணமாகத் தானே வந்து சேர்வதில்லை.

சப்பிக் குடித்தல் பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். பிறந்த குழந்தைக்கு அதை எவரும் கற்பிப்பதில்லை. மெல்லுதல் அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ ஆறு மாத வயதில் தாடை மேலும் கீழுமாக அசையத் தொடங்குகிறது. அடுத்த சில மாதங்களில் நாக்கு பக்கவாட்டில் நகரக் கற்கிறது. வாயின் நடுவில் விழுந்த உணவைக் கடைவாய்ப் பக்கம் தள்ளுகிறது. இந்தப் பக்கவாட்டு அசைவு வராமல் மெல்லுதல் இல்லை. ஒரு வயதை ஒட்டித் தாடை வட்டமாகச் சுழலத் தொடங்கி, இரண்டு, மூன்று வயது வரை அந்த அசைவு செம்மைப்பட்டுக்கொண்டே போகிறது. நாக்கு, கன்னம், தாடை, மூச்சு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு இயங்க வேண்டிய கூட்டுவேலை அது. அரைத்த கூழ் இவற்றில் எதையும் கேட்பதில்லை. நாக்கின் மேல் விழுந்து அப்படியே தொண்டைக்குள் வழுக்கிச் செல்கிறது.

"பல் முளைக்கட்டும் டாக்டர், பிறகு பார்க்கலாம்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. முதலில் முளைப்பவை முன்பற்கள். அவை கடிப்பதற்கானவை, மெல்லுவதற்கானவை அல்ல. முதற் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் 13 முதல் 19 மாதங்களுக்குள்தான் வருகின்றன. அதுவரை மென்மையான உணவை நசுக்க ஈறுகளே போதுமானவை. ஈறு எவ்வளவு வலுவானது என்பதை அறிய, எட்டு மாதக் குழந்தையின் வாயில் உங்கள் விரலை ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும். கடலை, முறுக்கு போன்ற கடினமானவற்றுக்குத்தான் கடைவாய்ப் பற்கள் கட்டாயம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவைத் தொடங்கவும், ஏறத்தாழ எட்டு மாதத்தில் கையில் பிடித்துத் தின்னும் உணவுகளைச் சேர்க்கவும், ஒரு வயதில் வீட்டார் உண்ணும் வகை உணவுக்கே வந்துவிடவும் வழிகாட்டுகிறது. மெல்லுதலைக் கற்பதற்கு உகந்த பருவம் ஒன்று உண்டு என்ற கருத்தை 1964ஆம் ஆண்டிலேயே இல்லிங்வொர்த், லிஸ்டர் என்னும் இருவர் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னர், இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991, 92ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில், பத்து மாதத்திற்கு மேல்தான் கட்டியுள்ள உணவைச் சந்தித்த குழந்தைகளிடம் 15 மாத வயதில் உணவுச் சிக்கல்கள் மிகுதியாகக் காணப்பட்டன. ஏழு வயதில் பார்த்தபோதும் தாமதமாகத் தொடங்கியவர்கள் காய்களையும் பழங்களையும் குறைவாகவே உண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, உங்கள் குழந்தைக்கு அந்தப் பருவம் கடந்துவிட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. அந்த ஆய்வு இரண்டுக்கும் இடையிலான தொடர்பைத்தான் காட்டுகிறது. தாமதம்தான் காரணம் என்று அது அறுதியிடவில்லை. நான்கு வயதிலும் ஆறு வயதிலும் மெல்லக் கற்ற குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது, கூடுதல் பொறுமையும் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நோயுற்ற குழந்தைகளுக்கு இந்தப் பருவம் ஏன் தவறுகிறது என்பதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இதயத்தில் துளையுடன் பிறந்த குழந்தைக்குப் பால் குடிப்பதே மலையேறுவது போல. நான்கு மிடறு குடித்ததும் வியர்த்துக் களைத்துவிடும். உணவுக்குழாய் இணையாமல் பிறந்த குழந்தையும் அண்ணப்பிளவுள்ள குழந்தையும் அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையே வளர்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தை மூச்சுக்குழாயோடும் மூக்குவழி உணவுக்குழாயோடும் வாரக்கணக்கில் கிடக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு வாய் என்பது பிளாஸ்திரி ஒட்டிப் பிய்க்கப்பட்ட இடம்; உறிஞ்சும் கருவி நுழைந்த இடம். நல்லது எதுவும் அந்த வழியே வந்த நினைவு அவற்றுக்கு இல்லை. கரண்டியைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையை 'அடம்' என்று சொல்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதோடு எடை வந்து சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறையும் எடை பார்க்கும் கருவியில்தான் மருத்துவமனை வருகை தொடங்குகிறது. நூறு கிராம் கூடியிருந்தால் வீட்டில் நிம்மதி, குறைந்திருந்தால் அன்று முழுவதும் தாய்க்குக் குற்றவுணர்வு. எடைதான் தேர்வு என்று ஆகிவிட்ட பிறகு, குறைந்த நேரத்தில் நிறைய உள்ளே செல்லும் வழியைத்தான் எவரும் தேர்ந்தெடுப்பார்கள். மிக்சி அதைச் செய்துகொடுக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் அது தேவையாகவும் இருந்திருக்கலாம். பிறகு இதயம் சரியாகிவிடுகிறது. மிக்சி மட்டும் நிற்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்கு அப்போது மூன்றரை வயது. கைக்குழந்தையாக இருந்தபோது இதய அறுவைச் சிகிச்சை நடந்து, ஐந்து மாதம் குழாய்வழிப் பால் பெற்றவன். இதயம் நன்றாக இருந்தது. ஓடினான், பேசினான், மாடிப்படி ஏறினான். ஆனால் அவன் கிண்ணத்தில் ஒரே ஒரு முழுச் சோற்றுப் பருக்கை தப்பியிருந்தாலும் குமட்டி வெளியே தள்ளிவிடுவான். குடும்பத்தினர் திருமணங்களுக்குச் செல்லும்போது மிக்சியையும் உடன் எடுத்துச் சென்றார்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் மின்தடை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் காலையிலேயே மூன்று வேளைக்கும் அரைத்து வைத்தார்கள். அங்கன்வாடிக்கு அனுப்பவில்லை, அங்கே யார் அரைத்துத் தருவார்கள்? இதய நோய் விட்டுச்சென்ற கட்டுப்பாட்டைவிட இந்தக் கட்டுப்பாடு பெரிதாகிவிட்டிருந்தது. அவனுக்குப் பதினோரு மாதம் பிடித்தது. அந்தப் பதினோரு மாதத்தில் என்ன செய்யப்பட்டதோ அதைத்தான் பெரும்பாலும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உறுதிசெய்ய வேண்டியவை

எல்லாக் குழந்தைகளும் நாளையே திட உணவுக்கு மாறலாம் என்று நான் சொல்லவில்லை. உண்ணும்போதோ குடிக்கும்போதோ அடிக்கடி இருமுதல், உண்டபின் குரல் ஈரமாகக் களகளவென ஒலித்தல், கண்ணில் நீர் வருதல், முகம் நீலம் பாய்தல், திரும்பத் திரும்ப நுரையீரல் சளிக்காய்ச்சல் வருதல் ஆகியவை இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று ஐயுற வேண்டும். சில குழந்தைகளிடம் இருமல்கூட வராது. உணவு ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கும். பெருமூளை வாதமுள்ள குழந்தைகளிடம் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படக்காட்சியாகப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. எந்தப் பதம் பாதுகாப்பானது, எது ஆபத்தானது என்பதை அது காட்டிவிடும். மேற்கண்ட அறிகுறிகள் உள்ள குழந்தைக்கு மருத்துவரையும் விழுங்குதல் பயிற்சியாளரையும் கேட்காமல் உணவின் பதத்தை மாற்ற வேண்டாம்.

வாயை விட்டுப் பிற இடங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அடினாய்டு வீங்கி மூக்கு அடைத்துள்ள குழந்தை வாயால் மூச்சு விடுகிறது. வாயை மூடி மெல்லவா, மூச்சு விடவா என்று அது திண்டாடும். இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணான குழந்தைக்கு உண்பதே வலி. வலிப்புக்குத் தரப்படும் பெனிட்டாயின் மருந்தால் சில குழந்தைகளுக்கு ஈறு தடித்து வீங்குகிறது. சொத்தைப் பல்லை நாங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே காண்கிறோம். மலச்சிக்கல் பசியைக் கொன்றுவிடும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பசும்பால் குடிக்கும் குழந்தைக்குப் பசி இராது. இரும்புச்சத்துக் குறைவும் வந்து சேரும். அந்தக் குறைவு பசியை இன்னும் மந்தமாக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் மெல்லப் பழக்குவது, முள் தைத்த காலோடு நடக்கச் சொல்வதை ஒக்கும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு சொல். 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் வயதைக் கணக்கிடும்போது அந்த மூன்று மாதத்தைக் கழித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்துவதில் பாதி இந்தக் கணக்கிலேயே மறைந்துவிடும்.

பாடம் வேறு, சாப்பாடு வேறு

பெற்றோரின் முதல் அச்சம், "அரைக்காவிட்டால் சாப்பிட மாட்டான், எடை குறைந்துவிடும்" என்பது. நியாயமான அச்சம்தான். ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்று நான் சொல்கிறேன். வழக்கமான அரைத்த உணவை இப்போதைக்கு அப்படியே கொடுங்கள். அதற்கு முன், பசி தொடங்கியிருக்கும் நேரத்தில், ஐந்து வாய் அளவுக்கு மட்டும் மெல்லும் பயிற்சி. ஐந்து வாயும் துப்பப்பட்டாலும் பாடம் நடந்ததாகவே கொள்ளுங்கள். மொத்தத்தில் ஒரு வேளை உணவு அரைமணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் குழந்தையும் கற்பதில்லை, நீங்களும் பொறுமையோடு இருப்பதில்லை.

உட்காரும் முறையைப் பற்றி நான் சற்று வற்புறுத்தியே பேசுவேன். காலை நீட்டி அமர்ந்து, குழந்தையை மல்லாக்கக் காலில் கிடத்தி, பாலாடையால் புகட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த நிலையில் உணவு தானே தொண்டைக்குள் விழும். நாக்குக்கு வேலையில்லை, ஆபத்தும் அதிகம். குழந்தை நிமிர்ந்து உட்கார வேண்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடிந்து, பாதங்கள் ஏதேனும் ஒன்றின்மேல் பதிந்திருக்க வேண்டும். தலை பின்னால் சாயக் கூடாது. விலையுயர்ந்த நாற்காலி தேவையில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் இரு பக்கமும் சுருட்டிய துண்டுகளை வைத்து, காலுக்குக் கீழே ஒரு பலகையையோ தலைகீழாகக் கவிழ்த்த தகர டப்பாவையோ வைத்தால் போதும். கால் அந்தரத்தில் தொங்கும் குழந்தையின் தாடை நிலைகொள்வதில்லை. நம்பச் சற்றுக் கடினமாக இருக்கலாம். உயரமான முக்காலியில் கால் தொங்க உட்கார்ந்து நீங்களே ஒரு முறுக்கைத் தின்று பாருங்கள்.

மிக்சியை நிறுத்துவது ஒரே நாளில் நடப்பதன்று. முப்பது விநாடி அரைப்பதை இருபத்தைந்தாகக் குறையுங்கள். குழந்தை அதை ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து, இருபது. பிறகு மிக்சியை விட்டு மத்துக்கு வாருங்கள், மத்திலிருந்து கைக்கு. கையால் பிசைந்த சோற்றில் ஒரு பருக்கை முழுதாக இருக்கும், ஒன்று பாதியாக இருக்கும், ஒன்று மசிந்திருக்கும். அந்த ஏற்றத்தாழ்வுதான் நாக்குக்குப் பாடம். நம் பாட்டிமார் பருப்புச் சோற்றில் நெய் விட்டு விரல்களால் மசித்துக் கொடுத்தபோது செய்ததும் இதுவே.

பன்னாட்டு அளவில் உணவின் பதங்களை வரையறுத்துள்ள ஒரு தரநிலை உண்டு. குழந்தைகளுக்கு 'கொத்திய ஈரமான' பதத்தில் துணுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏறத்தாழ ஒரு பெரிய கடுகு. அடுத்த 'மென்மையான துண்டு' பதத்தில் 8 மில்லிமீட்டர் வரை, அதாவது உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு மிகாமல். துண்டு போதுமான அளவு மென்மையாக இருக்கிறதா என்று அறிய, முள்கரண்டியை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள்; நகம் வெளுக்கும் அளவு அழுத்தத்தில் அது நசுங்கி, திரும்பப் பழைய வடிவத்துக்கு வராமல் இருந்தால் சரி.

இங்கே நம் சமையலுக்கே உரிய ஓர் இடர் இருக்கிறது. அரைத்த உணவிலிருந்து அடுத்த படி என்று பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது ரசம் சாதம். மென்மையாக, எளிதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது கடினமான பாடங்களுள் ஒன்று. நீர் ஒரு வேகத்தில் தொண்டைக்குப் போகிறது, பருக்கை பின்தங்குகிறது. இரண்டையும் வாய்க்குள் பிரித்துக் கையாளத் தேர்ந்த நாக்கு வேண்டும். பாலில் ஊறிய பிஸ்கட்டும் பால் பிரிந்து நின்றால் இதே வகைதான். தொடக்கத்தில் நீர் பிரியாமல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் உணவே நல்லது: கெட்டியான பருப்புச் சோறு, குழைந்த பொங்கல், மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இட்லி மென்மையானதுதான். ஆனால் உலர்ந்த இட்லி வாயில் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். சாம்பாரில் நன்கு ஊறவைத்து, எஞ்சிய நீரை வடித்துக் கொடுங்கள்.

உணவை எங்கே வைக்கிறீர்கள் என்பது எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் போலவே முக்கியம். நாக்கின் நடுவில் வைத்த துண்டை மெல்லப் பழகாத குழந்தை உறிஞ்ச முயலும், முடியாமல் குமட்டும். அதே துண்டை நீளவாக்கில் நறுக்கி, பக்கவாட்டில், கடைவாய் ஈறுகளுக்கு இடையே வையுங்கள். தாடை தானே கடிக்கும். நாக்கு அந்தப் பக்கம் திரும்பும். குழைய வேகவைத்த கேரட், பரங்கிக்காய், அவித்த நேந்திரம்பழம், நன்கு கனிந்த பப்பாளி ஆகியவை இதற்கு ஏற்றவை. ஒருமுறை வலப்பக்கம், மறுமுறை இடப்பக்கம். விழுங்குவதில் இன்னும் ஐயமுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சியாளர்கள் வேறொரு வழியைக் கையாள்வதுண்டு: பழத்துண்டை மெல்லிய சுத்தமான துணியில் கட்டி, துணியின் மறுமுனையைப் பெரியவர் பிடித்துக்கொண்டு, கடைவாயில் வைத்து மெல்லச் செய்வது. சாறும் சுவையும் கிடைக்கும். துண்டு உள்ளே போகாது. இதை முதலில் பயிற்சியாளரின் முன்னிலையில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

நீங்களும் குழந்தையின் எதிரில் அமர்ந்து, வாயை நன்றாக அசைத்து மென்று காட்டுங்கள். தனியே உட்காரவைத்து ஊட்டப்படும் குழந்தை மற்றவர்கள் மெல்லுவதைப் பார்ப்பதே இல்லை. கைபேசியில் படம் காட்டி ஊட்டுவதைப் பற்றிப் பலர் என் கருத்தைக் கேட்கிறார்கள். படம் ஓடினால் வாய் திறக்கிறது என்பது உண்மை. ஆனால் வாய்க்குள் வந்தது என்ன என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. அரைத்த உணவை உள்ளே தள்ள அது உதவும். மெல்லக் கற்பிக்க உதவாது. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைப்பது பற்றி எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன். இன்னும் சில வீடுகளில் அது நடப்பதால் எழுதுகிறேன்: ஒருபோதும் வேண்டாம்.

குமட்டலும் திணறலும்

பெரும்பாலான குடும்பங்கள் மிக்சிக்குத் திரும்பிவிடுவது முதல் குமட்டலின்போதுதான். குமட்டல் என்பது உடலின் காவல். சிறு குழந்தைகளுக்கு அந்த அனிச்சை நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படுகிறது. பல பதங்களையும் சந்தித்துப் பழகப் பழக அது பின்னால் நகர்கிறது. சந்திக்காத வாயில் அது முன்னாலேயே தங்கிவிடுகிறது. மூன்று வயதிலும் ஒரு பருக்கை போதும், குமட்டுவதற்கு. குமட்டும் குழந்தை ஓசை எழுப்பும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், மூச்சு இருக்கும். அப்போது பதறாமல், முதுகில் அடிக்காமல், அமைதியான முகத்தோடு காத்திருங்கள். உங்கள் முகத்தில் தெரியும் அச்சத்தைக் குழந்தை உணவோடு சேர்த்தே விழுங்குகிறது.

மூச்சடைப்பு வேறு. அங்கே ஓசை இராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானால் முன்கையில் தலை தாழக் கவிழ்த்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டுகள். பலனில்லையெனில் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் மேல் ஐந்து அழுத்தங்கள். அடைப்பு நீங்கும்வரை மாறி மாறி. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு முதுகுத் தட்டுகளோடு வயிற்றழுத்தம். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் ஆழமாகப் போய்விடும். குழந்தை நினைவிழந்தால் 108ஐ அழைத்து, உடனே மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும். இதைப் படித்து மட்டும் அறிந்துகொள்வது போதாது. திட உணவு தொடங்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் பொம்மையில் செய்து பழகியிருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் செவிலியரிடம் கேளுங்கள், கற்றுத் தருவார்கள்.

நம் ஊரில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து அடிக்கடி எடுக்கப்படுவது நிலக்கடலை. முழுக் கடலையும் பட்டாணியும் நான்கைந்து வயது வரை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்; மெல்லுவதில் பின்தங்கிய குழந்தைக்கு அதற்குப் பின்னும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சீத்தாப்பழத்தின் விதையை நீங்களே எடுத்துவிடுங்கள்.

மெல்லாத குழந்தைகள்

எவ்வளவு முயன்றாலும் மெல்லக் கற்காத குழந்தைகள் இருக்கிறார்கள். கடுமையான பெருமூளை வாதமோ தசை நோயோ உள்ள சிலருக்கு வாய்வழி உணவே பாதுகாப்பற்றது. அவர்களுக்கு வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் உணவுக்குழாயை நாங்கள் பரிந்துரைக்கும்போது, பல தாய்மார் அதைத் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். உறவினரும் அப்படியே பேசுகிறார்கள். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் ஊட்டுவதிலேயே கழிந்து, ஒவ்வொரு மாதமும் நுரையீரல் தொற்றோடு மருத்துவமனையில் படுத்திருந்த குழந்தை, அந்தக் குழாய் வந்தபின் எடைகூடி, வீட்டில் விளையாடத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கும், மருத்துவர் அனுமதித்தால், விரல்நுனியில் தொட்ட தேங்காய்ப் பாலோ பாயசமோ நாக்கில் தடவலாம். சுவை அவனுக்கும் உரியது. மெல்லுதலை எவ்வளவு வலியுறுத்தினாலும், அதை ஒரு தாயை அளக்கும் கோலாக எவரும் பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகள் வேறு வகை. தசை தளர்ச்சியாலும் பல் தாமதமாக முளைப்பதாலும் அவர்கள் மெதுவாகக் கற்கிறார்கள்; ஆனால் மிகப் பெரும்பாலோர் கற்கிறார்கள். அவர்களில் பலருக்கு வேண்டியது காலம் மட்டுமே.

மென்றால் பேச்சு வரும் என்று சொல்லி விலையுயர்ந்த அதிர்வுக் கருவிகளும் வாய்ப்பயிற்சிப் பொருள்களும் விற்கப்படுகின்றன. மெல்லுவதற்கும் பேசுவதற்கும் அதே நாக்கும் தாடையும்தான் பயன்படுகின்றன என்றாலும், ஒன்றைப் பழக்கினால் மற்றொன்று தானே வந்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பேச்சுத் தாமதத்துக்குத் தனியே பயிற்சி வேண்டும். மெல்லுதல் மெல்லுவதற்காகவே கற்கத் தக்கது.

பயிற்சிக்கு எங்கே செல்வது என்பது சென்னைக்கு வெளியே உள்ளவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. குழந்தை வளர்ச்சி தொடர்பான மதிப்பீடும் பயிற்சியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். அங்கே சென்று, உண்ணுதல் பற்றியும் கேட்க வந்திருக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நடையும் பேச்சும் மட்டுமே பேசப்பட்டு இது விடுபட்டுவிடுவதுண்டு. நீண்ட சிகிச்சைக்குப்பின் வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் வெளியேற்றக் குறிப்பிலும், மருந்துகளின் அளவுக்குக் கீழே, இந்தக் குழந்தை எந்தப் பதத்தில் உண்கிறது, அடுத்த பதம் எது, எப்போது என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இல்லையெனில், கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த முறை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது இரண்டு பொருள்களைக் கொண்டுவாருங்கள். ஒன்று, குழந்தை வீட்டில் வழக்கமான இடத்தில், வழக்கமாக ஊட்டுபவரின் கையால் உண்ணும் ஐந்து நிமிடக் கைபேசிப் பதிவு. முகமும் உடல் முழுவதும் பக்கவாட்டில் தெரியட்டும். மற்றொன்று, அன்று காலை அவனுக்குக் கொடுத்த உணவில் ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் பேசத் தொடங்குவேன். ஊட்டுவது பாட்டி என்றால், பாட்டியையும் அழைத்து வாருங்கள்.